நாமா குடியிருக்கப் போகிறோம்?

ஜனவரி 19, நடுநிசி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள். வாண்டு இப்போதுதான் கண்ணை மூடினாள். அறையில் விளக்கைப் போட்டால் விழித்துவிடுவாள். அதனால் சமையல் மேடையில் பாத்திரங்களை ஓரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே எழுதுகிறேன். பகலில் எழுதலாமே என்பாய். ஐந்து மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் பகல் என்று தனியாக ஒன்று கிடையாது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’வைத் தாண்டியதே இல்லை. நீ டியூட்டிக்கு நடுவில் பேசுவாய், நான் அழுகைக்கு நடுவில் பேசுவேன், கடைசியில் ‘சரி வச்சிடறேன்’ என்று சொல்வதற்காகவே கூப்பிட்ட மாதிரி முடியும். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை.

ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிறோம். வாடகைக்கு விட. உன் பணம் அங்கே வங்கியில் தூங்குகிறது என்று நீயே சொன்னாய். எங்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. தனித்தனியாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கும் ஆகாது. சேர்த்து, மீதிக்குக் கடன் போட்டால் ஒரு சின்ன வீடு வரும். தவணையில் முக்கால்வாசியை வாடகையே கட்டிவிடும். வீட்டு விலை ஒரு பக்கம் தன்பாட்டில் ஏறும். இவள் கல்லூரிக்குப் போகும்போது விற்றால் அவளுக்கும் ஆகும், வேலையை விடும்போது உனக்கும் ஒரு தொகை கையில் இருக்கும். உன் மாப்பிள்ளை சொல்வது இதுதான்.

நான் படித்தது புள்ளியியல் என்பதால் எனக்குப் பயம்கூட சதவீதத்தில்தான் வருகிறது. குடித்தனம் வராமல் வீடு பூட்டிக் கிடந்தால்? வந்தவர்கள் வாடகை தராவிட்டால்? வட்டி ஏறினால்? எதிரிலேயே புதுக் கட்டடம் ஒன்று எழும்பி நம் வாடகையை இறக்கினால்? வீடு என்பது அவசரத்துக்குப் பாதியை மட்டும் விற்கக்கூடிய பொருள் இல்லையே. இவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று ராத்திரியில் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுப் படுத்தால் வட்டி விகிதம் வந்து நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பஸ் பணிமனைக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம். அதில் இரண்டு வீடு விலைக்கு இருக்கிறது. புரோக்கருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. மனுஷன் வருவதற்கு முன்பே இடுப்புச் சத்தம் வந்துவிடும். கீழ்த்தள வீடு கொஞ்சம் பெரிசு. பின்பக்கம் குழாயடி, கொடி கட்ட இடம், காலை வெயில். மற்றது மூன்றாம் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான், லிஃப்ட் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும், மீதிக்குத் தொட்டி தடுக்கிறது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சாவிக்கொத்து ஒரே பதிலைச் சொன்னார்: “நீங்களாம்மா குடியிருக்கப் போறீங்க?” மூன்றாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளை பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சிரித்தார்.

ஆனால் யோசித்தால் அவர் சொல்வது நியாயம். நாமா குடியிருக்கப் போகிறோம்? கீழ் வீட்டின் விலை நாலில் ஒரு பங்கு கூடுதல், வாடகையோ கொஞ்சம்தான் கூட வரும். போட்ட பணத்துக்கு என்ன திரும்புகிறது என்று பார்த்தால் மூன்றாம் மாடிதான் சரி. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

உன் பணமும் சேர்ந்தது என்பதால் நீ சொல்லாமல் நகர மாட்டேன். என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 3

என் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸில் இரண்டு தடவை படித்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். அதற்கான செலவையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

குழந்தை மூச்சு விடும். நீ தூங்கு. இந்த முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயசுக்காரர்களே என் விரலுக்குக் காத்திருக்காமல் தாங்களாகவே மூச்சு விடுகிறார்கள்.

பணத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் நர்ஸ் விடுதியில் ஆளுக்கொரு கட்டில் என்று பெயர். நான் டியூட்டிக்குக் கிளம்பினால் இரவு டியூட்டிக்காரி வந்து அதில் படுப்பாள். தலையணை மட்டும் அவரவருடையது. அவள் எழுந்த சூட்டில் நான் படுக்கிறேன், நான் எழுந்த சூட்டில் அவள் படுக்கிறாள், இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

கீழ் வீட்டைப் பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டாய். அந்தப் பின்பக்கம் ஒரு நாற்காலி போட இடம் இருக்குமா? வெயில் எவ்வளவு நேரம் நிற்கும்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மேல் வீட்டுக்குப் படி உயரமோ? இங்கே பெரியவர்களைத் தூக்கித் தூக்கி என் முழங்கால் அவர்களோடு போட்டிக்கு நிற்கிறது. அதனால் படி என்று காதில் விழுந்தாலே விசாரிக்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

முடிவு உன்னுடையது. நீ போட்ட கணக்கு தப்பாது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வாண்டுக்குப் பெரியம்மாவின் முத்தம், இரண்டு கன்னத்துக்கும்.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சரி என்று சொன்னதில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சும்மா கேட்டாலும் பதில் சொல்லாமல் விடுகிற ஆளா நான்? அதற்காகவே இன்னொரு நடை போய்ப் பார்த்தேன். நாற்காலி தாராளமாகப் போடலாம். இரண்டு கூடப் போடலாம். வெயில் காலையில் வந்து பத்து மணிவாக்கில் சுவர் ஏறிவிடும். பக்கத்தில் ஒரு தையற்கார அம்மா.

ஆனால் அக்கா, அந்த நாற்காலி போடுகிற இடத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை வைத்திருக்கிறார்கள். நாற்காலிக்கு யாரும் வாடகை தரமாட்டார்கள். குடி வருகிறவர்கள் விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார்கள், அவர்களுக்கு வெயில் எதற்கு? வானம் எதற்கு? அந்த வித்தியாசத் தொகையை வங்கியில் போட்டாலே வட்டி வரும். உன் பணத்தை வெயிலில் காயப்போட எனக்கு மனசில்லை.

மாமியார் மட்டும் உதட்டைச் சுழித்தார். “நாம இருக்கறதே வாடகை வீடு. இருக்கற வீட்டை விட்டுட்டு இருக்காத வீட்டை வாங்கறீங்க” என்றார். நாங்கள் இருக்கிற மாதிரி வீட்டை வாங்கக் கையில் இருப்பது போதாது, கிடைப்பதை வாங்கி அதை வேலை செய்ய விடுகிறோம் என்று உன் மாப்பிள்ளை விளக்கினார். “வீடு எங்க வேலைக்குப் போகும்?” என்று கேட்டுவிட்டு அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மூன்றாம் மாடிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரம் நம் இரண்டு பேர் பெயரிலும், உன் பெயர் முதலில். உனக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட ஒரு அதிகாரப் பத்திரம் வேண்டுமாம், காகிதம் இதோடு வருகிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? டாக்டர்களுக்கு நடுவிலேயே இருந்துகொண்டு காட்டாமல் இருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

உன் தங்கை


மார்ச் 11

கணக்குப்பிள்ளைக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சாட்சிக்கு இரவு டியூட்டிக்காரியைக் கூப்பிட்டேன். கட்டிலைப் பங்கு போட்டவள் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டுமே என்றுதான். “வீட்டுக்காரி ஆயிட்டீங்க, இனிமே எங்ககூட எல்லாம் பேசுவீங்களா?” என்றாள். அன்றைக்குப் பூராவும் இல்லத்தில் எல்லோரும் என்னை வீட்டுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சுவருக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள்? ஒரு படம் எடுத்து அனுப்பு.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை மாதம் கழித்து எழுதுகிறேன், அதுவும் புலம்ப. வாண்டு தவழ்வதை விட்டுவிட்டு எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பிடிப்பது பெரும்பாலும் என் புடவை. நல்ல செய்தி அதோடு சரி.

அந்த வீட்டுக்கு முதலில் குடிவந்த டிரைவிங் ஸ்கூல்காரர் போய்விட்டார் என்று போனில் சொன்னேன் இல்லையா, ஏன் என்று சொல்லவில்லை. மழையில் மொட்டைமாடி கசிந்து படுக்கையறைச் சுவர் பூராவும் ஊறிவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி மெத்தையைச் சமையலறையில் நிமிர்த்தி வைத்திருந்தாள். குழந்தைக்கு இருமல். “ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருங்க அக்கா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுவாரம் சாமானை ஏற்றிவிட்டார்கள்.

மொட்டைமாடியைச் சரிசெய்யும் செலவை நாலு மாடியும் பங்கு போட வேண்டும் என்கிறோம், கீழ்த்தளத்துக்காரர்கள் எங்கள் தலையிலா ஒழுகுகிறது என்கிறார்கள். பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். வட்டி இரண்டு தடவை ஏறிவிட்டது. சாவிக்கொத்து கூட்டி வருகிறவர்கள் படி ஏறும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு வாடகையைக் குறைக்கிறார்கள். பஸ் பணிமனை வேறு இடத்துக்குப் போகப்போகிறதாம். போனால் அந்தப் பக்கம் குடிவர யாருக்கு என்ன வேலை? நான் போட்ட எல்லாச் சதவீதமும் தனித்தனியாகச் சரிதான் அக்கா. எல்லாம் ஒரே வருஷத்தில் வரும் என்று மட்டும் போடவில்லை.

உன் மாப்பிள்ளை முன்பெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து வந்தால் இவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். இப்போது தவணை தேதி நெருங்கினால் பேச்சே இல்லை. குறை சொல்லவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

கீழ் வீடு விற்றுவிட்டது. நமக்குச் சொன்ன விலையைவிட நல்ல விலைக்கு. ஓய்வு பெற்ற ஒரு தபால்காரரும் அவர் மனைவியும் குடி வந்திருக்கிறார்கள். அவர்களே இருக்கத்தான் வாங்கினார்களாம்.

விற்றுவிடலாமா? போட்டது வந்தால் போதும் என்று இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை


டிசம்பர் 15

என் கண்ணுக்கு,

விற்காதே. கொஞ்சம் பொறு.

உனக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வழி காட்டிவிட்டது. இங்கே என் ஒப்பந்தம் வருஷக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, மேற்பார்வை அம்மாள் அழுதாள்கூட. இனி என்னால் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாது, அதுதான் உண்மை. தூக்க முடியாத நர்ஸை இல்லம் என்ன செய்யும், கட்டிலில்தான் போட வேண்டும். டாக்டரிடமும் காட்டிவிட்டேன், திட்டாதே. முழங்காலில் சவ்வு தேய்ந்துவிட்டதாம்.

நம் வீடுதான் காலியாக இருக்கிறதே. நான் வந்து இருக்கிறேன். என் பங்குக்கு மேல் வாடகையும் தருகிறேன், உங்கள் தவணைக்கு ஆகும். பக்கத்தில் எங்கேயாவது மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். சாயங்காலத்தில் வாண்டை என்னிடம் விட்டுவிட்டு நீ தூங்கலாம்.

சுவர் ஊறியிருப்பது பெரிய விஷயமில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன். புதுசாக வர்ணம் எதுவும் அடித்துவைக்காதே. அதை நான் வந்து அடிக்க வேண்டும்.

அக்கா


டிசம்பர் 29

அக்கா,

வா. உடனே வா. மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் நீ நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மூன்றாம் மாடி என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது இல்லையா? நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ அங்கே வந்து இருப்பாய் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டு அறையில் உனக்கு இடம் இல்லாமலா போய்விடும்? மாமியாரிடம் சொன்னேன். “தாராளமா வரட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தனை நாளைக்கு?” என்றார். நான் வாண்டுக்குப் பால் கலக்கப் போய்விட்டேன்.

வண்டி நம்பரும் நேரமும் எழுது. உன் மாப்பிள்ளை நிலையத்துக்கு வருவார்.

தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். இந்தப் பெண்கள் விடுதியில் எனக்குக் கொடுத்திருக்கிற அறை தரைத்தளத்தில்தான், அலுவலகத்துக்குப் பின்னால். வார்டன் வேலை என்றால் சாவியும் அதட்டலும் போதும், யாரையும் தூக்க வேண்டாம். ஒரு கட்டில். பகலிலும் ராத்திரியிலும் நான் ஒருத்திதான் படுக்கிறேன். முதல் இரண்டு நாள் யாரோ எழுப்பப்போகிறார்கள் என்று தூக்கமே வரவில்லை.

நீ நிலையத்தில் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் இருந்த பதினைந்து நாளும் குறை ஒன்றும் இல்லை, மாமியார் உட்பட. அவர் தம் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். இந்த வயதில் அவரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு எத்தனை நாள் இருப்பது? நீ நினைப்பது போல் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அங்கே பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. முதல் கடிதத்தில் நீ ‘நாமா குடியிருக்கப் போகிறோம்’ என்று எழுதியிருந்தாய். ‘நாங்களா’ என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நீயும் மாப்பிள்ளையும் குடியிருக்கப் போவதில்லை, அவ்வளவுதானே. ‘நாமா’ என்றதில் நானும் இருந்தேன். இவள் ஒரு நாளும் திரும்பி வந்து தனக்கென்று அடுப்பு மூட்டப் போவதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டது போல் இருந்தது. அதன்பிறகு எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று எழுத வெட்கமாகிவிட்டது. நாற்காலி, வெயில் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். நேராகக் கேட்டிருக்க வேண்டியது நான்தான். நீ அப்போது குழந்தைக்காரி, தூக்கம் கெட்டவள். தப்பு உன்னுடையது மட்டும் இல்லை.

வீட்டை விற்கலாம். நல்ல விலை வந்தால் எழுது, கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு தடவை பதில் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் என்னை நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். மற்றதில் அழுகை மட்டும்தான் இருந்தது. இதை எப்படியாவது அனுப்பிவிடுகிறேன்.

அந்த ‘நாம்’ நான் யோசித்துப் போட்டது இல்லை. சாவிக்கொத்து ‘நீங்களா’ என்றதை நான் ‘நாமா’ என்று மாற்றிக்கொண்டேன். உன்னையும் சேர்த்துக்கொள்ளத்தான் அப்படி எழுதினேன். உன் பணம், உன் பெயர், நீயும் எங்களோடு. சேர்த்துக்கொண்ட கையோடு உனக்கு என்ன வேண்டும் என்பதையும் நானே சொல்லி முடித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.

நீ வந்திருந்தபோது உன்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போன நாள் இன்னும் என்னை விட்டு நகரவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நீ நின்று கைப்பையில் எதையோ தேடினாய். சாவி என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தேடினாய். எதையும் தேடவில்லை என்று புரிந்ததும் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே வந்து முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்தாய், அது பாதியில் நின்றது. “இதுக்குள்ள ஒரு ஸ்டூல்கூடப் போக முடியாதே” என்றாய், உன் இல்லத்தில் யாருக்கோ இடம் பார்ப்பவள் மாதிரி. அப்புறம் சமையலறை ஜன்னலைத் திறந்து அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாய். கடைசியில் நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். “வாடகைக்கு நல்ல வீடுடி. போட்ட பணம் போகாது.” நீ அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் தூங்குவேன்.

இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாய். கீழே தபால்காரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தது நேராகத் தெரிந்தது. முன்பின் தெரியாதவரிடம் நீ நின்று, “இங்க வெயில் எப்ப வரும்?” என்று கேட்டாய். அவர் ஒரு சதவீதமும் இல்லாமல் பதில் சொன்னார்: “காலையில வரும்மா. சுகமா இருக்கும்.” ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு நான் பத்து மணி என்று பதில் எழுதினேன். சுகமா என்பதை எழுதவில்லை.

போன வாரம் சாவிக்கொத்து ஒருவரைக் கூட்டி வந்தார். மரக்கடை வைத்திருக்கிறார், வாடகைக்கு விட வாங்குகிறார். மனைவியும் வந்திருந்தார். அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னங்க, சுவர் இப்படி மூஞ்சில வந்து இடிக்குது” என்றார். சாவிக்கொத்து தம் வழக்கமான வரியைத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, “யாராவது ஒருத்தர் குடியிருக்கத்தானே போறாங்க” என்று சொல்லிவிட்டேன். மொட்டைமாடிக் கசிவு, பாதிக் கதவு, மழையில் எந்த மூலை ஊறும் என்று எல்லாவற்றையும் காட்டினேன். சாவிக்கொத்து என்னைப் பார்த்த பார்வையை உன் மாப்பிள்ளை இன்றுவரை நடித்துக் காட்டுகிறார். முதலில் அவருக்கும் கோபம்தான். ராத்திரி இவளைத் தூங்கவைத்துவிட்டு வந்து, “விடு, பரவாயில்லை” என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டோம்.

மரக்கடைக்காரர் இன்னும் வாங்கத் தயாராக இருக்கிறார். விலையைக் குறைத்துக் கேட்கிறார். கடனை அடைத்தால் நாம் போட்டதில் கொஞ்சம் போகும். உன் பங்கில் குறைய விடமாட்டோம், குறைவது எங்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இதற்கு நீ சண்டை போடுவாய். போடு. சண்டை போடவாவது எழுதுவாய் அல்லவா?

நீ எழுதி இரண்டு மாதமாகப் போகிறது. போனில் நீ எப்போதும் போலத்தான் பேசுகிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கிறாய், குழந்தையிடம் கொடு என்கிறாய். அது எனக்குப் போதவில்லை. அந்த விடுதி அறையும் உன் வேலை இருக்கிறவரைக்கும்தான் உன்னுடையது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கே என்று நாம் பேசவே இல்லை.

விற்க இரண்டு கையெழுத்து வேண்டும். அதிகாரப் பத்திரத்தை வைத்து உனக்காக நானே போட்டுவிடலாம் என்கிறார் சாவிக்கொத்து. போடமாட்டேன். அந்தக் காகிதத்தை இதோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நீ எந்த ஊரில் இருக்க ஆசைப்படுகிறாய், எப்படிப்பட்ட வீட்டில், எங்கள் பக்கத்திலா தனியாகவா, சொந்தமா வாடகையா, எல்லாவற்றையும் எழுது. விலை எவ்வளவு ஆகும் என்று யோசிக்காமல் எழுது. அதைப் படித்த பிறகுதான் நான் கணக்குப் பார்ப்பேன். விற்பதா வேண்டாமா என்பதும் அதற்கு அப்புறம்தான்.

மரக்கடைக்காரர் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக இல்லை, எனக்காகக் கேட்கிறேன். சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

உன் தங்கை